விற்காத வீட்டை நம்பி டெபாசிட்டைக் கரைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 67, மனைவிக்கு 62. கோவை வடவள்ளியில் 5 சென்டில் 1996-ல் கட்டிய மாடி வீடு இருக்கிறது. அதை விற்று, சின்ன ஃபிளாட்டுக்குப் போய், மீதிப் பணத்தின் வட்டியில் காலம் தள்ளத் திட்டம். 1.10 கோடி சொல்லி 14 மாதமாகிறது. வந்தவர்கள் 88, 92 லட்சத்துக்கு மேல் ஏறவில்லை. மூன்று வருடம் முன்பு அடுத்த தெரு வீடு 1.05 கோடிக்குப் போனது. ‘ரேட் ஏறும், பொறுங்கப்பா’ என்கிறான் பையன். பி.எஃப். பென்ஷன் 3,400 ரூபாய், வங்கி டெபாசிட் 22 லட்சம், மாதச் செலவு 36,000. மேல் மாடி பையன் வந்தால் தங்குவதற்கென்று பூட்டியே கிடக்கிறது. காத்திருக்கலாமா?

பதில்: பையன் சொல்வதுபோல் பொறுக்கலாம். ஆனால் பொறுப்பதற்கு மாதம் 20,000 ரூபாய் ஆகிறது, அதை நீங்கள்தான் கட்டுகிறீர்கள். பென்ஷனும் டெபாசிட் வட்டியும் சேர்ந்து 16,000 தாண்டாது. மிச்சம் டெபாசிட்டின் அசலிலிருந்து போகிறது. இதே வேகத்தில் 22 லட்சம் ஏழு வருடம் வரும். விலைவாசியையும் சேர்த்தால் அதற்கு முன்பே தீரும்.

முதலில் மேல் மாடிப் பூட்டைத் திறங்கள். வருடத்தில் பத்து நாள் வரும் பையனுக்குக் கீழே ஓர் அறை போதாதா? 9,000 வாடகை வந்தாலும் ஓட்டையில் பாதி அடைபடும். ‘ஆள் இருந்தால் வீடு விற்காது’ என்பார் புரோக்கர். வீடு விற்றால் இரண்டு மாத அவகாசத்தில் காலி செய்ய வேண்டும் என்று 11 மாத ஒப்பந்தத்தில் எழுதி, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, டெபாசிட்டுகள் முதிர முதிர 18 லட்சம் வரை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றுங்கள். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். போடும் அன்றைய வட்டி ஐந்து வருடமும் மாறாது. காலாண்டுக்கு 36,900 ரூபாய் கைக்கு வரும். மிச்ச 4 லட்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வங்கியிலேயே இருக்கட்டும்.

இனி விலை. 1.10 கோடி உங்கள் தேவையைக் கணக்குப் போட்டு வந்த எண்ணா, அடுத்த தெரு வீட்டைப் பார்த்து வந்த எண்ணா? முப்பது வருடக் கட்டடத்துக்கு வாங்குபவர் பெரிதாக மதிப்புப் போடமாட்டார், இடத்துக்குத்தான் விலை. 92 லட்சத்துக்கே கொடுத்ததாக வைப்போம். 48 லட்சத்தில் ஒரு பழைய ஃபிளாட், அதற்கு முத்திரைத்தாளும் பதிவும் 9 சதவீதம், இரண்டு பக்கக் கமிஷன் எல்லாம் போக 36 லட்சமாவது நிற்கும். அதையும் கையிலுள்ள 22 லட்சத்தையும் சேர்த்து, சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பான 30 லட்சத்தை நிரப்பி, மீதியை டெபாசிட் செய்தால், பென்ஷனோடு சேர்த்து மாதம் 40,000 வரை வரும். ஃபிளாட் மெயின்டனன்ஸ் கட்டியும் செலவு ஓடும். மேலும், விற்கும்போது உங்களை அடிக்கும் மந்தம் வாங்கும்போது உங்களுக்கு உதவும். அந்த 48-ஐயும் குறைத்துக் கேளுங்கள்.

விலையை இறக்குமுன், பத்திரப்பதிவுக்கு அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிடுங்கள். அது உங்கள் விற்பனை விலையைவிட 10 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தால், வருமான வரித்துறை வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாக எடுத்துக்கொள்ளும். லாபத்தைக் கணக்கிட, பழைய அடக்க விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 மதிப்பை அடிப்படையாக வைத்து, 12.5 சதவீதமா, பணவீக்கம் கழித்து 20 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம். ஃபிளாட்டில் போடும் தொகை அளவுக்கு லாபத்துக்கு வரி இல்லை.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் 2007-லிருந்தே இருக்கிறது. வீட்டில் இருந்தபடியே வங்கியிடம் மாதப் பணம் வாங்கலாம், அதற்கு வரியும் கிடையாது. ஆனால் அது வீட்டின் மேல் வாங்கும் கடன், வட்டிக்கு வட்டி ஏறும். ஒரு கிளையில் நான் விசாரித்தபோது மேனேஜரே ‘நம்மகிட்ட அது இருக்கா?’ என்று கேட்டார். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

92 லட்சம் கேட்டவரின் நம்பர் புரோக்கரிடம் இருக்கும். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டு, 96 கேளுங்கள்.