தெர்மோஸ்டாட் மாற்றிய செலவை வாடகையில் கழிக்கலாமா?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் குடும்பத்துடன் வாடகைக்கு இருக்கிறேன். வெப்பமூட்டும் செலவு வாடகைக்குள் அடக்கம். ஜனவரியில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் திரை அணைந்து, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் நின்றுவிட்டது. வீட்டுக்காரரிடம் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் சொன்னேன். 150 டொலருக்கு உட்பட்ட திருத்தவேலை வாடகையாளருடையது என்று ஒப்பந்தத்தில் இருப்பதாகவும், பிள்ளைகள்தான் உடைத்திருப்பார்கள் என்றும் சொல்லிவிட்டார். ஐந்து நாள் குளிரில் இருந்த பின், வைஃபை தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கித் தெரிந்த ஒருவரைக் கொண்டு பொருத்தினேன். செலவான 430 டொலரைப் பெப்ரவரி வாடகையில் கழித்தேன். இப்போது என்4 நோட்டீஸ், அதாவது வாடகை பாக்கிக்காக வீட்டை விடச் சொல்லும் அறிவித்தல், வந்திருக்கிறது. நான் செய்தது பிழையா? வீட்டை விடும்போது அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக்கொண்டு போகலாமா?

பதில்: தெர்மோஸ்டாட்டைத் திருத்த வேண்டியவர் வீட்டுக்காரரே. ஆயினும் அச்செலவை நீங்களாகவே வாடகையில் கழித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. ‘திருத்தித் தராவிட்டால் வாடகையைப் பிடித்துக்கொள்’ என்ற அறிவுரை நம்மவர்களிடையே தாராளமாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டு நடந்தவர்கள் நியாயம் தம் பக்கம் இருந்தும் வாடகைப் பிணக்குகளை விசாரிக்கும் சபையான எல்டிபியின் முன் வாடகை பாக்கி வைத்தவர்களாகவே நிற்கிறார்கள். ஆகவே முதல் வேலையாக, கழித்த 430 டொலரை உடனே செலுத்தி, செலுத்தியதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் அந்தச் சபையில் மனுச் செய்வதற்கு முன் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டால் என்4 நோட்டீஸ் செல்லுபடியற்றதாகிவிடும்.

இனி உங்கள் உரிமையைப் பார்ப்போம். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வாடகை வீட்டை நல்ல நிலையில் பேணும் பொறுப்பை வீட்டுக்காரர்மீது சுமத்துகிறது. குடிவரும்போதே குறைபாடு உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அந்தப் பொறுப்பு மாறாது. அச்சட்டத்துக்கு முரணான எந்த ஒப்பந்த நிபந்தனையும் செல்லாது என்று 4ஆம் பிரிவு சொல்வதால், உங்கள் ஒப்பந்தத்தின் 150 டொலர் நிபந்தனை, நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும், இப்பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட முடியாது. பிள்ளைகள் உடைத்தார்கள் என்ற வாதத்துக்கு 34ஆம் பிரிவு இடம் தருகிறது; ஆனால் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ சேதம் விளைவித்தார்கள் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும், பழையதாகித் தானாகப் பழுதான கருவிக்கு அது பொருந்தாது.

வெப்பம் என்பது செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை சட்டம் ‘இன்றியமையாத சேவை’ எனக் குறிப்பிடும் ஒன்று. வெப்பச் செலவை வீட்டுக்காரரே ஏற்கும் வீடுகளில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ மாநகர விதி. வீட்டுக்காரர் கைவிரித்த அன்றே மாநகரத்தின் 311 என்ற தொலைபேசி எண்ணை அழைத்திருந்தால், நகர அதிகாரி வந்து பார்த்த பதிவு இப்போது உங்களுக்கு வலுவான சாட்சியாக இருந்திருக்கும். மறுபடி இப்படி நேர்ந்தால் தயங்காமல் அழையுங்கள். அதிகாரி வருவதற்குள், அறையின் குளிருக்குச் சாட்சியாக வெப்பமானியைப் படமெடுக்கும்போது அதை ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். மாகாண ஒழுங்குவிதி அளக்கச் சொல்லும் இடம் தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரமும் வெளிச்சுவரிலிருந்து ஒரு மீற்றர் தூரமும் ஆகும்.

செலவைத் திரும்பப் பெறும் வழி டி6 மனு, அதாவது வீட்டுக்காரர் திருத்தித் தரவில்லை என்று வாடகையாளர் சபையில் செய்யும் மனு. பிரச்சினை எழுந்து ஓராண்டுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். ஏற்கெனவே செய்து முடித்த திருத்தத்தை ஏற்று, அதன் செலவை உங்களுக்குத் தருமாறு வீட்டுக்காரருக்கு உத்தரவிடவும், குளிரில் கழித்த ஐந்து நாளுக்கு வாடகையில் ஒரு பகுதியைக் குறைக்கவும் 30ஆம் பிரிவு சபைக்கு அதிகாரம் அளிக்கிறது. மனுச் செய்யுமுன் வீட்டுக்காரருக்கு அறிவித்தீர்களா என்பதையும் சபை கவனிக்கும். ஊர்க்காரர், உறவினர் என்று எல்லாவற்றையும் வாய்ப்பேச்சிலேயே முடித்துக்கொள்வது நம் வழக்கம் என்பதால், நீங்கள் வாட்ஸ்அப்பில் எழுதிவைத்தது நல்லதாயிற்று. அச்செய்திகளைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

ஆனால் 430 டொலரும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். சபை நியாயமான செலவையே பார்க்கும். பழைய கருவிக்கு ஈடான சாதாரணத் தெர்மோஸ்டாட் போதுமாயிருக்க, கைத்தொலைபேசியில் இயங்கும் விலைகூடிய ஒன்றை வாங்கியதற்கு வீட்டுக்காரர் ஏன் முழுவதும் தர வேண்டும் என்ற கேள்வி கட்டாயம் எழும். மின்கலத்தை மாற்றிப் பார்த்தீர்களா என்றும் கேட்பார்கள். ஃபர்னஸில் ஒரு சிறு ஃபியூஸ் எரிந்தாலும், நீர் வடியும் குழாய் அடைத்துப் பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்தாலும் தெர்மோஸ்டாட்டின் திரை இதேபோல் அணையக்கூடும். ஆகவே பழுது எதில் இருந்தது என்பதைப் பொருத்தியவரிடமிருந்து பற்றுச்சீட்டுடன் எழுத்தில் வாங்குங்கள். புதிய கருவிக்குத் தொடர்ந்து மின்சாரம் தரும் ‘சி வயர்’ கம்பியை இணைப்பதற்காக அவர் ஃபர்னஸைத் திறந்தாரா என்பதையும் கேட்டறியுங்கள். ஒன்ராறியோவில் எரிவாயுக் கருவிகளில் வேலைசெய்ய டிஎஸ்எஸ்ஏ என்ற மாகாணப் பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் வேண்டும். அது இல்லாதவர் கைவைத்திருந்தால் உங்கள் வாதத்தில் வீட்டுக்காரர் பிடிக்கும் ஓட்டை அதுவாகத்தான் இருக்கும்.

கழற்றிக்கொண்டு போவதைப் பொறுத்தவரை, சபை செலவைத் தரச்சொல்லி வீட்டுக்காரரும் தந்துவிட்டால் தெர்மோஸ்டாட் அவருடையது. அதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பணம் கிடைக்காவிட்டாலும், சுவரில் இணைத்த பொருள் என்பதால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கழற்றாதீர்கள். அடுத்து வருபவருக்கு வெப்பம் இல்லாமற் போனால் அந்தப் பழி உங்கள்மேல் விழும். பழைய கருவியை இன்னும் எறியவில்லை என்றால் பத்திரமாக வையுங்கள். அதில் உடைந்த தடயம் இல்லை என்பதை விசாரணையில் காட்ட அது தேவைப்படும்.