பெஞ்சும் படத்தில் இருக்கட்டும்

அன்புள்ள சார்,

வணக்கம். போன தீபாவளிக்குத் தவணையில் ஒரு கேமரா வாங்கினேன். கூடவே வந்த 18-55 லென்ஸ்தான் கையில் இருக்கிறது. மாதம் இரண்டு ஞாயிறு ஒரு குழுவோடு பூங்காக்களுக்குப் படமெடுக்கப் போகிறேன். காலை ஏழு மணிக்குக் கூடுவோம். மற்றவர்கள் முழங்கை நீள லென்ஸோடு பறவைகளின் பின்னால் போய்விடுவார்கள். நான் மரம், குளம், புல்தரை என்று எடுக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் வெளிறிக் கிடக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சிமெண்ட் பெஞ்ச், குப்பைத்தொட்டி, மதில், அதற்குப் பின்னால் அடுக்குமாடி. இவற்றைத் தவிர்த்துத் தவிர்த்துக் கடைசியில் நாலு இலைதான் மிஞ்சுகிறது. சென்னைப் பூங்காவில் இயற்கைக்காட்சி என்று ஒன்று உண்டா, இல்லை வால்பாறைக்குப் பஸ் ஏறுவதுதான் வழியா?

ஆர்., வேளச்சேரி

*

அன்புள்ள ஆர்.,

வால்பாறைக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் அங்கே நீங்கள் எடுக்கப்போகும் தேயிலைச் சரிவும் காட்டை வெட்டி மனிதர்கள் நட்டதுதான். வரிசை வரிசையாகக் கத்தரித்து வைத்திருப்பதை நாம் இயற்கைக்காட்சி என்கிறோம். சிமெண்ட் பெஞ்சைப் பார்த்தால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

வெளிறிப் போவதை முதலில் பேசிவிடலாம், அது சுலபம். ஏழு மணிக்குக் கூடுகிறீர்கள். வராதவருக்குப் போன் போட்டு, ஒரு டீ குடித்து, குழுப்படம் எடுத்து உள்ளே நுழைய எட்டாகும். மே மாதத்தில் சென்னையில் சூரியன் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுகிறது. உதயத்துக்குப் பிந்திய பொன்வெளிச்சத்தைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அவர்கள் ஊரில் சூரியன் சாய்வாக, அவசரமில்லாமல் ஏறும். 13 டிகிரி வடக்கில் இருக்கும் நமக்கு அது கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறிவிடுகிறது, மணிக்குச் சுமார் 14 டிகிரி. ஒரு மணி நேரத்தில் அந்த மஞ்சள் போய்விடும். எட்டு மணிக்கு இலைமேல் விழுவது சுத்தமான வெயில். ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலேயே நிற்கும், நிழலே இருக்காது. ஆகவே ஐந்தரைக்குப் போங்கள். குழு வராவிட்டால் தனியாகப் போங்கள். மார்கழியில் மட்டும் கொஞ்சம் சலுகை, சூரியன் ஆறரைக்குத்தான் எழுந்திருக்கும்.

அதைவிட நல்ல பருவம் ஐப்பசியும் கார்த்திகையும். மழை விட்டு மேகம் கலையாத காலையில் நிழலே இல்லாமல், வேட்டியில் வடிகட்டியதுபோல வெளிச்சம் இருக்கும். பச்சையில் எத்தனை பச்சை என்று அப்போதுதான் தெரியும். புங்கம் ஒரு பச்சை, வேம்பு வேறு பச்சை. ஆனால் அந்த வெள்ளை வானத்தைப் படத்துக்குள் விடாதீர்கள். உங்கள் படங்களைக் கெடுப்பது கிளைகளுக்கு நடுவே வானம் தெரியும் ஓட்டைகள்தான் என்று ஊகிக்கிறேன். கேமரா இலையின் வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் ஓட்டைகள் வெள்ளைத் திட்டாகிவிடும், வானத்துக்கு வைத்தால் இலை கறுத்துவிடும். ஒரு மரத்துக்குப் பின்னால் இன்னொரு மரம் வரும்படி நாலடி தள்ளி நின்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஈர இலை கண்ணாடிபோல மினுங்கும், அதைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தவணை பெரிய லென்ஸுக்கு வேண்டாம்.

சரி, பெஞ்சுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டருகே ஒரு சின்னப் பூங்கா. அதில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. நூறு தடவையாவது எடுத்திருப்பேன். மதில் வராமல், பெஞ்ச் வராமல், அறிவிப்புப் பலகை வராமல், சில சமயம் தரையில் மல்லாந்து படுத்துக்கூட. நடைப்பயிற்சிக்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். ஊரிலிருந்து வந்த சித்தி அதைப் பார்த்துவிட்டு, "முதுமலைக்கா போயிருந்தே?" என்று கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த மரம் வேரோடு சாய்ந்து நடைபாதையை அடைத்துக் கிடந்தது. அறுத்து எடுத்துப் போனார்கள், குழியை மூடினார்கள், புல் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, அது சரியாக எந்த இடத்தில் நின்றது என்று எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாக்குவாதம். என் படங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். ஒன்றும் உதவவில்லை. படத்தில் மரம் இருக்கிறது, இடம் இல்லை. முதுமலையில் போய்த் தேட வேண்டியதுதான். கடைசியில் வழக்கைத் தீர்த்தது அவர் பேத்தியின் பிறந்தநாளுக்குப் போனில் எடுத்த ஒரு படம். குழந்தை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, பின்னால் மதில், மதிலோரம் பாதி மரம். நான் சொன்ன இடத்துக்குப் பத்தடி தள்ளி. அந்தப் பெஞ்ச் இப்போதும் இருக்கிறது. ஒன்பது மணிக்கே சுடுவதால் யாரும் உட்காருவதில்லை.

அதற்கப்புறம் நான் பெஞ்சை வெட்டுவதில்லை. பூங்காவைக் காடுபோலக் காட்ட முயலும்போதுதான் படம் நாலு இலையாகச் சுருங்கிவிடுகிறது. மதிலைப் பிளந்துகொண்டு வந்த அரசங்கன்று, காவலாளியின் சைக்கிள் மேல் கொட்டிக்கிடக்கும் மரமல்லி, சித்திரையில் கொன்றை பூத்து மூடிய சறுக்குமரம், இதெல்லாம் வால்பாறையில் கிடைக்காது.

உங்களுக்குப் பள்ளிக்கரணை கூப்பிடு தூரம். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்புநிலம். ரேடியல் ரோட்டுப் பக்கம் நின்று பாருங்கள். முன்னால் சம்புக்கோரை, அதை மிதித்துக்கொண்டு நீலத் தாழைக்கோழி, நடுத்தண்ணீரில் கூழைக்கடா, பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள். இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, அதையும் தோண்டிப் பிரிக்கத் தொடங்கினார்கள். தூரத்தை இழுத்துக் காட்டும் 600 எம்.எம். லென்ஸ்காரர் பூநாரையை மட்டும் எடுப்பார். அந்தப் படத்தைக் குஜராத்தின் கட்ச் என்று சொன்னாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். இத்தனையும் ஒரே சட்டத்துக்குள் அடங்க உங்கள் 18-55 தான் வேண்டும். மாதம் ஒரு தடவை அதே இடத்தில், அதே கம்பத்தை ஓரத்தில் வைத்து எடுங்கள். தண்ணீர் எந்த மாதம் எதுவரை இருந்தது என்பதை அந்தக் கம்பம் சொல்லிவிடும்.

கருவியைப் பற்றி மனக்குறை வந்தால் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் வாழ்ந்தவர், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தார். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் என்றுதான் பலருக்கும் தெரியும். அவருடைய கேமரா பல கருவிகளின் பாகங்களைக் கோத்துத் தானே செய்துகொண்டது. காட்டுக்குப் போன அதே அக்கறையோடு காகத்தையும் அணிலையும் பற்றியும் எழுதினார்.

உங்கள் குழுவைப் பற்றி நீங்கள் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அக்டோபரில் வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி வரும். சென்னையின் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் களைத்துப்போய் இறங்கி, சருகைக் கிளறிப் புழு தேடும். ஒரு பூங்காவில் அப்படி இறங்கிய ஒன்றை இருபது பேர் சூழ்ந்து நின்றதைப் பார்த்தேன். ஒருவர் போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டார், இன்னொருவர் புதருக்குள் கல் போட்டார். எத்தனையோ நூறு மைல் பறந்து வந்த ஜீவன் காலை முழுக்க ஒரு புழுவும் தின்னாமல் புதருக்குப் புதர் ஓடியது. எல்லாருக்கும் அருமையான படம் கிடைத்தது. உங்கள் குழு அந்த ரகம் என்றால் விலகிவிடுங்கள். கூடு விஷயமும் அப்படித்தான். மறைக்கும் இலையை விலக்கி எடுத்துவிட்டு நாம் போன பிறகு, பார்த்துக்கொண்டிருந்த காகம் வரும்.

மறந்துவிடப் போகிறேன். கேமராவை ஏசி அறையில் வைத்துத் தூங்கினால், காலையில் வெளியே எடுத்ததும் லென்ஸ் வேர்த்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். அது தெளிவதற்குள் நான் மேலே சொன்ன வெளிச்சம் போய்விடும். முந்தின இரவே ஹாலில் வைத்துவிட்டுப் படுங்கள்.