சோர்ந்துபோன விசுவாசிக்கு வேதம் என்ன சொல்கிறது? கேள்வி பதில்

மனச்சோர்வைக் குறித்து வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைச் சேர்த்தே பார்க்கலாம்.

கேள்வி: "போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்" என்றுதான் சில நாட்களாக ஜெபிக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

பதில்: சகோதரி, வரிசையைத் தாண்டி உங்கள் கேள்விக்கு முதலில் வருகிறேன். இன்றைக்கே, நீங்கள் நம்பும் ஒருவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஞாயிறு ஆராதனை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் ஜெபம் எலியா தீர்க்கதரிசியின் ஜெபம்தான். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ட மனிதர், யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் அவரைத் தூங்கவிடுகிறான். இரண்டாம் முறை எழுப்பும்போதும் உணவுதான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்."

ஓரேப் மலையில் கர்த்தர், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று இரண்டு முறை கேட்கிறார். எலியா ஏறக்குறைய வார்த்தை மாறாமல் அதே புலம்பலை இரண்டு முறையும் சொல்கிறார். இரண்டு முறையும் கர்த்தர் கடைசிவரை கேட்கிறார். அதற்குப் பிறகுதான், நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் என்ற அவருடைய எண்ணத்தைத் திருத்துகிறார். பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காதவர்கள் 7,000 பேர் இருந்தார்கள். எலிசாவையும் அவருக்குத் துணையாகக் கொடுக்கிறார்.

எலியா தன் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு வனாந்தரத்துக்குத் தனியே போனார். அந்த ஒன்றில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம்.

கேள்வி: சோர்வு நீங்க ஒரு வசனம் தாருங்கள்.

பதில்: வசனமாகத் தரமாட்டேன், அதிகாரமாகத் தருகிறேன். 42, 43 ஆகிய இரண்டு சங்கீதங்களையும் சேர்த்து வாசியுங்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற கேள்வி அங்கே மூன்று முறை வருகிறது. ஒரு முறை கேட்டவுடன் சங்கீதக்காரனுக்குக் கலக்கம் தீர்ந்துவிடவில்லை. அதைக் கவனியுங்கள்.

கேள்வி: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்ற எரேமியா 29:11 இந்த ஆண்டுக்கு எனக்கு வாக்குத்தத்தமாகக் கிடைத்தது. ஆண்டு முடியப்போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. நொந்துபோனேன்.

பதில்: தம்பி, அதற்கு முந்தின வசனத்தை வாசித்தீர்களா? 70 ஆண்டுகள் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்று முதலில் சொல்கிறது. சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள் என்று சொன்ன அனனியாவைத்தான் முந்தின அதிகாரம் பொய்த் தீர்க்கதரிசி என்று காட்டுகிறது. வாக்குத்தத்தம் உண்மையானது. அதற்கு ஒரு டிசம்பரைக் கெடுவாக வைத்தவர் கர்த்தர் அல்லர். எந்த வசனத்தையும் அதன் அதிகாரத்திலிருந்து வெட்டி எடுக்காதீர்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இது விசுவாசக் குறைவா?

பதில்: இல்லை. எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்தார். ஆனாலும் ஏசாயா பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னார். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்து சொன்னார். லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று அழைத்தார். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். யார் ஜெபித்து, யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஐயா, நீங்கள் சொல்வதை ஏற்க முடியாது. வயிறு வேறு, மனம் வேறு. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்பது கட்டளை. சோர்வு கீழ்ப்படியாமை.

பதில்: அந்தக் கட்டளை பிலிப்பியர் 4:4-இல் இருக்கிறது. அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்துக்குப் போங்கள், ஐயா. தம் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து செத்துப்பிழைத்ததைப் பற்றி எழுதும் பவுல், "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் இரங்கினார் என்கிறார். ஏற்கெனவே ஒரு துக்கத்தில் இருந்தவரின் பேச்சு அது. அவரே கொரிந்தியருக்கு எழுதும்போது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறார். கெத்செமனேயில் நம் ஆண்டவர், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார். அதையும் கீழ்ப்படியாமை என்பீர்களா?

கேள்வி: நானும் முந்தின சகோதரரோடு உடன்படுகிறேன். ஆண்டவரின் துக்கம் நம் பாவத்துக்காக. நம் சோர்வு அவிசுவாசத்தால். தேவன் வல்லமையாகப் பயன்படுத்திய ஊழியர்கள் இப்படிச் சோர்ந்துகிடந்ததில்லை.

பதில்: கிடந்தார்கள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1856 அக்டோபரில், தம் 22-ஆம் வயதில், லண்டனில் ஒரு பெரிய அரங்கத்தில் பிரசங்கிக்கப் போனார். "தீ, தீ" என்று யாரோ பொய்க் கூச்சல் போட, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அந்த அடியிலிருந்து அவர் முழுதாக மீளவில்லை. கடைசிவரை சோர்வு திரும்பத் திரும்ப வந்தது, பிரசங்கமும் நின்றுவிடவில்லை. ஊழியத்துக்குப் பயின்ற மாணவர்களுக்கு அதை மறைக்காமல், பாடமாகவே சொல்லிக்கொடுத்தார்.

ஆண்டவரின் பாடுகள் தனித்துவமானவை என்பது சரி. ஆனால் 88-ஆம் சங்கீதம் யாருடைய பாவத்தைச் சுமந்தது? ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்றே முடிகிறது. அதையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார். தேவனிடம் அழுகிறவன் இன்னும் தேவனிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறான். "திடனற்றவர்களைத் தேற்றுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:14 சொல்கிறது. அதே வசனம் புத்திசொல்லச் சொல்வது ஒழுங்கில்லாதவர்களுக்கு. இருவரையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு, அடிபட்டவர்களை மேலும் அடிக்கிறோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

கேள்வி: சோர்வு நீங்கத் தினமும் சொல்ல வேண்டிய வசனம் எது?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். அதிகாரமாக வாசியுங்கள்.

கேள்வி: என் கனவில் அடிக்கடி இருட்டு வருகிறது. என்ன அர்த்தம்?

பதில்: கனவுக்கு அர்த்தம் சொல்வது என் வேலை இல்லை. தூக்கம் கெடுகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13-ஐ நூறு முறை அறிக்கையிட்டால் சோர்வு போகும் என்கிறார்களே?

பதில்: போகாது. 11, 12 வசனங்களை வாசியுங்கள். பட்டினியிலும் குறைவிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டதைப் பவுல் சிறையிலிருந்து சொல்கிறார். எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை.

கேள்வி: கர்த்தரிடம் மட்டும் சொன்னால் போதாதா? சபையில் சொன்னால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

பதில்: பேசுவார்கள், அம்மா. அதனால் எல்லாரிடமும் சொல்லாதீர்கள். வாயைக் காக்கத் தெரிந்த ஒருவரிடம் சொல்லுங்கள். மக்கெதோனியாவில் பவுலுக்குப் புறம்பே போராட்டம், உள்ளே பயம். தேவன் அவருக்கு எப்படி ஆறுதல் செய்தார்? 2 கொரிந்தியர் 7:6 பாருங்கள்: "தீத்து வந்ததினாலே." தரிசனத்தையும் தூதனையும் அறிந்திருந்த அப்போஸ்தலனுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு நண்பன்.

கேள்வி: என் கணவர் வேலையை இழந்து, பேசுவதையே விட்டுவிட்டார். நான் என்ன வசனம் சொல்லி அவரைத் தேற்றுவது?

பதில்: இப்போது எதுவும் சொல்ல வேண்டாம், சகோதரி. யோபுவின் நண்பர்கள் 7 நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து வாய்திறக்காமல் இருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். உங்கள் வீட்டு ஜெபத்தில் அவரை ஜெபிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நீங்களே சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் இதே நிலை நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதற்கு முன்பே சாவைப் பற்றிப் பேசினால் அன்றே போங்கள். உறவினர் யாராவது 'விசுவாசம் இருந்தால் எழுந்திருப்பாரே' என்று சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.