ஏற்காட்டுல எடுத்த போட்டோவை வச்சு கேலக்ஸி தூசிக்கு மேப் போடலாமா?

கேள்வி: சேலத்துல எம்எஸ்சி பிசிக்ஸ் படிக்கிறேன் சார். மோதிக்கிட்டு இருக்கற கேலக்ஸில தூசி எங்கெங்க இருக்குன்னு மேப் போடறதுதான் ப்ராஜெக்ட். 8 இன்ச் டெலஸ்கோப்போட ஏற்காடு போயி ஆன்டெனா கேலக்ஸியை போட்டோ எடுத்தா போதுமா?

பதில்: போட்டோவுக்கு தாராளமா போங்க தம்பி, மேப்புக்கு அது பத்தாது. நம்ம பஞ்சாங்கத்து அஸ்த நட்சத்திரம் பக்கத்துலதான் இருக்கு மோதிக்கிட்டு இருக்கற இந்த கேலக்ஸி ஜோடி (கேட்டலாக் பேரு என்ஜிசி 4038, 4039), ஏப்ரல் கடைசில ராத்திரி பத்து மணி வாக்குல தெற்கே 60 டிகிரி உயரத்துல நிக்கும், அந்தப் பக்கம் சேலம் டவுன் வெளிச்சம் இருந்தாலும் அவ்வளவு உயரத்துல சமாளிச்சுக்கலாம்.

சிக்கல் என்னன்னா, போட்டோல கருப்பா தெரியற கோடு எல்லாம் நட்சத்திரத்துக்கு முன்னாடி நிக்கற தூசி மட்டும்தான், பின்னாடி இருக்கறது கணக்குலயே வராது. சரி, சிவப்பா இருக்கற இடத்தை தூசின்னு எடுத்துக்கலாமான்னா வயசான நட்சத்திரமும் சிவப்பாத்தான் இருக்கும், மோதல்ல எல்லாம் கலந்து கிடக்கறப்ப எது எதுன்னு பிரிக்கவே முடியாது.

அதனால இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்) படம் கண்டிப்பா வேணும். தூசி நட்சத்திர வெளிச்சத்தை வாங்கி சூடாகி இன்ஃப்ராரெட்டா திருப்பி விடுது. 1990கள்ல ஐஎஸ்ஓங்கற இன்ஃப்ராரெட் சேட்டிலைட் பார்த்தப்ப பளிச்சுனு இருந்தது ரெண்டு கேலக்ஸியோட மையமும் இல்ல, ரெண்டும் உரசிக்கற நடு இடம்! சாதாரண படத்துல அங்க பெருசா ஒண்ணுமே தெரியாது.

ஹபிள் டேட்டா மாஸ்ட்லயும் (MAST), ஸ்பிட்சர், ஹெர்ஷல்ங்கற இன்ஃப்ராரெட் விண்வெளி டெலஸ்கோப்புகளோட டேட்டா இர்ஸாலயும் (IRSA) காசில்லாம கிடைக்கும், ரெண்டும் ஆன்லைன் டேட்டா கிடங்கு. ஆனா 24 மைக்ரான் அலைநீளத்துல எடுத்த படத்தை மட்டும் பார்த்து இங்கதான் தூசி ஜாஸ்தின்னு எழுதிடாதீங்க, அது சூடான தூசி, மொத்தத்துல கொஞ்சம்தான், எடையில பெரும்பங்கு குளிர்ந்த தூசி, அது 70 மைக்ரானுக்கு மேலதான் சரியா பிடிபடும்.

எல்லாரும் கோட்டை விடறது ரெசொல்யூஷன்லதான். ஹெர்ஷல்ல 250 மைக்ரான்ல பீம் (ஒரு புள்ளி படத்துல பரவற அகலம்) 18 ஆர்க்செகண்ட், 500ல 36 கிட்ட, கேலக்ஸியோட நடு உடம்பே ரெண்டு மூணு ஆர்க்மினிட்தான் (ஒரு ஆர்க்மினிட்னா 60 ஆர்க்செகண்ட்), அதனால 500ஐ சேர்த்தீங்கன்னா மேப்ல நாலஞ்சு திட்டுதான் மிஞ்சும். 70, 100, 160, 250 போதும், எல்லாத்தையும் 250ஓட பீமுக்கு மங்கலாக்கி, ஒரே பிக்சல் கிரிட்டுக்கு கொண்டு வந்து (பைத்தான்ல ஆஸ்ட்ரோபை இருக்கு), ஒவ்வொரு பிக்சலுக்கும் மாடிஃபைடு பிளாக்பாடி (தூசியோட வெப்பநிலையையும் எடையையும் கணக்கிட உதவற ஃபார்முலா) ஃபிட் பண்ணுங்க. அதுல பீட்டாவை (அலைநீளத்துக்கு ஏத்த மாதிரி தூசி கதிர் விடற திறன் எப்படி மாறுதுன்னு சொல்ற எண்) 2ன்னு பூட்டிடுங்க, விட்டா வெப்பநிலையும் பீட்டாவும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு எடையை கெடுத்துடும்.