கடன் தவணை முழுவதையும் செலவாக எழுதலாமா?

கேள்வி: வணிகத்துக்காக வாங்கிய கடனுக்கு மாதத் தவணை கட்டினால், அந்தத் தொகை முழுவதும் செலவுக் கணக்கில் போகுமா?

போகாது. வட்டி மட்டும்தான் செலவு. அசலைத் திருப்பிக் கட்டும்போது பொறுப்பு (நீங்கள் தர வேண்டிய பாக்கி) குறைகிறது, அவ்வளவுதான். கடன் வாங்கிய அன்று அதை வருமானமாக எழுதவில்லையே, கட்டும்போது மட்டும் எப்படிச் செலவாகும்?

1,00,000 கடன், ஆண்டுக்கு 12% வட்டி, 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். தவணை 8,885 வரும். மாத வட்டி 1% என்பதால் முதல் மாத வட்டி 1,000. மீதி 7,885 அசலில் கழியும். பதிவு இப்படி (க/கு = கணக்கு, ப = பற்று, வ = வரவு):

கடன் க/கு ப 7,885
வட்டி க/கு ப 1,000
வங்கி க/கு வ 8,885

இரண்டாம் மாதம் வட்டி 92,115-க்குத்தான், அதாவது 921. அசலில் 7,964 கழியும். தவணை மாறாது, உள்ளே இருக்கும் பங்கு மாதாமாதம் மாறும். 1,00,000-க்கு 12% என்று பார்த்து மொத்த வட்டி 12,000 எனப் பலர் எழுதிவிடுகிறார்கள். நிலுவை குறைந்துகொண்டே வருவதால் உண்மையில் சுமார் 6,620தான்.

முழுத் தவணையையும் செலவில் போட்டால் முதல் மாதமே இலாபம் 7,885 குறைவாகத் தெரியும். சொத்தையும் பொறுப்பையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் கடன் அப்படியே 1,00,000 என்று நிற்கும். இதில் சிக்கல் என்னவென்றால், பற்றும் வரவும் சமமாக இருப்பதால் இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதிகள் சமமா என்று பார்க்கும் பட்டியல்) இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. கடன் கணக்கின் மீதியை வங்கி தரும் அறிக்கையோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.