கார்செட் கயிறு ஏன் அறுகிறது? – கேள்வி பதில்

16 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான ஐரோப்பிய மேற்சட்டைகளையும், இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கார்செட்டுகளையும் நாடக மேடைக்காகத் தைப்பது என் தொழில். அவற்றை இழுத்துக் கட்டும் கயிறு, நாடா பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். துணி வெட்டும் படம் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. மற்றவை வந்த வரிசையில்.

கேள்வி: கல்லூரி நாடகத்துக்காக 1880-களின் பாணியில் ஒரு கார்செட் தைத்தேன். பருத்திக் கயிறு ஒத்திகையிலேயே இடுப்புப் பக்கம் அறுந்துவிட்டது. இன்னும் தடிமனான கயிறு வாங்கலாமா?

வாங்காதீர்கள். முதலில் கயிறு அறுந்த இடத்துக்கு நேராக உள்ள ஐலெட்டை, அதாவது துளையில் பதித்த உலோக வளையத்தை, பாருங்கள். சிறிது பஞ்சை எடுத்து, உலோக வளையத்தின் உள்விளிம்பிலும் பின்புறத்திலும் மெல்லத் தேய்த்து இழுங்கள். பஞ்சின் இழை எங்கே சிக்குகிறதோ அங்கேதான் உங்கள் கயிறும் அறுபடுகிறது. மலிவான ஐலெட்டை அடித்துப் பொருத்தும்போது அதன் குழல் பின்பக்கம் பிளந்து, கூரான பற்களாக மடிகிறது. முன்பக்கம் பளபளவென்று இருக்கும்; பின்பக்கம் அரம். கார்செட்டில் இடுப்புப் பகுதித் துளைகள் வழியாகத்தான் கயிறு மிக அதிகமாக ஓடுகிறது, இழுவையும் அங்கேதான் அதிகம். எந்தத் தடிமனில் போட்டாலும் அந்தப் பற்கள் தின்றுவிடும்.

வாஷருடன் வரும் இரண்டு துண்டு ஐலெட்டை வாங்குங்கள். குழல் பிளக்காமல் வாஷரின் மேல் உருண்டு மடிய வேண்டும். மடியாமல் பிளந்தால் அடித்துப் பொருத்தும் அச்சு சரியில்லை, அல்லது துணி அடுக்கு குழலின் நீளத்துக்குப் பொருந்தவில்லை. பொருத்திய பிறகு ஒவ்வொன்றையும் பஞ்சு வைத்துச் சோதியுங்கள். துளை வரிசையின் இரு பக்கமும் எஃகுப் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் துணி வளைந்து, கயிறு துளைக்குள் கோணலாக ஓடும். இவ்வளவும் சரியான பிறகு கயிற்றைப் பற்றிப் பேசலாம். உள்ளே திரி இல்லாத, தட்டையாகப் பின்னிய பாலியெஸ்டர் நாடா, 4 முதல் 6 மில்லிமீட்டர் அகலம். மேடைக்கு அதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

கேள்வி: சாட்டின் கயிறு பளபளப்பாக அழகாக இருக்கிறது. கார்செட்டுக்குப் பயன்படுத்தலாமா?

நகை கோக்கவும் அன்பளிப்புப் பெட்டி கட்டவும் அது நல்ல பொருள். கார்செட்டுக்கு ஆகாது. நடுவில் மெலிந்த பருத்தித் திரி, மேலே வழவழப்பான உறை. இழுத்தால் திரி ஒரு பக்கம் போகும், உறை இன்னொரு பக்கம் சுருங்கும். உறை ரேயானாக இருந்தால் வியர்வையில் நனைந்தவுடன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். முடிச்சும் நிற்காது, இரண்டாம் காட்சியில் நடிகை மூச்சை இழுத்துவிட்டதும் அவிழும். பளபளப்புதான் வேண்டுமென்றால் இருபுறமும் சாட்டின் நெசவுள்ள பாலியெஸ்டர் ரிப்பனை வாங்குங்கள். உலோக விளிம்பில் சொரசொரப்பு இல்லாதவரை நன்றாக உழைக்கும்.

கேள்வி: பாவாடை நாடா போதாதா? வீட்டில் நிறைய இருக்கிறது.

அளவு பார்க்க, ஒத்திகைக்குப் போதும். பருத்தி ஈரத்தில் பலம் கூடும் இழை என்பதால் வியர்வைக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் நெகிழ்வாக நெய்தது. இழுக்க இழுக்க அகலம் குறைந்து கயிறாகத் திரண்டு, துளைக்குள் அடைத்துக்கொள்ளும். நெருக்கமாக நெய்த நாடா கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் பருத்தி நாடாவும் புழங்கியதுதான்.

கேள்வி: ஷூ லேஸ்?

நீளம் போதாது. இரண்டை முடிச்சுப் போட்டு இணைக்கலாமா என்று அடுத்துக் கேட்காதீர்கள். முடிச்சு ஐலெட்டைத் தாண்டாது.

கேள்வி: கறுப்பு சாட்டின் கயிறு என்றால் பரவாயில்லையா?

நிறம் மாறினால் திரி மாறாது. மேலே பாருங்கள்.

கேள்வி: 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் உலோக ஐலெட்டே இல்லையே. அப்போது எதைக் கொண்டு கட்டினார்கள், அது எப்படித் தாங்கியது?

இதற்காகத்தான் காத்திருந்தேன். துணியில் பதிக்கும் உலோக ஐலெட்டுக்குப் பாரிசில் 1828-இல் காப்புரிமை வாங்கப்பட்டது. அதற்கு முன்பு துளை என்றால் பெரும்பாலும் கையால் தைத்த துளைதான். துணியை வெட்டக் கூடாது. குத்தூசியால் நூல்களை விலக்கித் துளையைத் திறந்து, சுற்றிலும் பட்டு நூலாலோ லினன் நூலாலோ நெருக்கமாகத் தைக்க வேண்டும். நம் காஜா எடுப்பதன் சிறிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் எதுவும் அறுபடாததால் துணி தன் முழுப் பலத்தோடு துளையைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே உரசுவது நூல்மேல் நூல். உலோக விளிம்பு இல்லை, கயிற்றுக்கு எதிரி இல்லை. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில், 1603-இல் இறந்த இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் இறுதிச் சடங்கு உருவப் பொம்மைக்கு அணிவித்த உள்ளாடை இருக்கிறது. திமிங்கிலத் தாடை இழை வைத்துத் தைத்த அந்த ஆடையை முன்புறம் கட்டுவார்கள். துளைகளின் நேர்த்தியை அதன் படங்களிலேயே பார்க்கலாம்.

கட்டியது பட்டு அல்லது லினன் பின்னல் கயிறு, பெரும்பாலும் ஒற்றைக் கயிறு. ஒரு முனையைக் கீழ்த் துளையில் நிறுத்தி, மறு முனையை ஏணிப்படி ஏறுவதைப் போல வலமும் இடமுமாக மேலே கொண்டுபோவார்கள். இதைச் சுருள் கட்டு என்கிறோம். 1450-களில் பிரெஞ்சு ஓவியர் ழான் ஃபூக்கே வரைந்த ‘மெலன் மாதா’ ஓவியத்தில், மாதாவின் நெகிழ்ந்த மேலங்கியில் அந்தக் கயிற்றைக் காணலாம். இன்று எல்லோரும் போடும் எக்ஸ் வடிவக் குறுக்குக் கட்டு, இடுப்பில் இரண்டு வளையம் விட்டு இழுக்கும் முறை, இவை 19-ஆம் நூற்றாண்டுக் கார்செட்டின் பழக்கம். திரைப்படங்களில் 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் டியூடர் வம்ச அரசிக்கும் அதையே கட்டிவிடுகிறார்கள்.

கயிற்றைச் செய்யும் முறைக்குப் பெயர் விரல் கண்ணிப் பின்னல். ஐந்து நூல் கண்ணிகளை விரல்களில் மாட்டி, ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்கு மாற்றிக்கொண்டே பின்னுவது. 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் இதன் செய்முறையை எழுதியே வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் ஹார்லி 2320 கையெழுத்துப் பிரதி அவற்றில் ஒன்று. கை விரியும் தூரம்தான் கயிற்றின் நீளம். அதற்குமேல் வேண்டுமென்றால், எதிர்முனையில் நின்று பின்னலை நெருக்கிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும்.

கேள்வி: லூசெட்டை ஏன் சொல்லவில்லை? வைக்கிங் காலத்திலிருந்தே கயிறு பின்ன அதைத்தானே பயன்படுத்தினார்கள்?

தெரியாதவர்களுக்காக: லூசெட் என்பது இரண்டு கொம்புள்ள சிறிய கவை. கொம்புகளில் நூலைச் சுற்றிச் சுற்றிக் கயிறு பின்னலாம். 18, 19-ஆம் நூற்றாண்டுப் பெண்களின் தையல் பெட்டிகளில் தந்தத்திலும் எலும்பிலும் செய்தவை உண்டு. இடைக்கால ஆடையை அதில் பின்னிய கயிற்றால் கட்டினார்கள் என்பதற்குச் சான்று எங்கே? லண்டன் அகழாய்வுகளில் கிடைத்த இடைக்காலக் கட்டு நாடாக்களைப் பாருங்கள்: விரல் கண்ணிப் பின்னல், துளையிட்ட அட்டைகளைத் திருப்பித் திருப்பி நெய்யும் அட்டை நெசவு, சாதாரணப் பின்னல்.

கேள்வி (அதே நபர்): சுவீடனில் லுண்ட் நகரில் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து பொறித்த எலும்புக் கருவி கிடைத்திருக்கிறதே!

கிடைத்திருக்கிறது. அது எதற்கான கருவி என்பது படிப்பவரின் ஊகம். கவை வடிவ எலும்பெல்லாம் லூசெட் ஆகிவிடாது. கருவி கிடைப்பது வேறு. அதில் பின்னிய கயிறு, ஓர் ஆடையின் துளையில் கிடப்பது வேறு. இரண்டாவதைக் காட்டுங்கள், பேசுகிறேன்.

கேள்வி (வேறொருவர்): சான்றை விடுங்கள். லூசெட் கயிறு சதுரமாக, உறுதியாக இருக்கிறது. ஏன் கூடாது?

இதுதான் உருப்படியான கேள்வி. லூசெட் கயிற்றில் நூல் கண்ணிக்குள் கண்ணியாக வளைந்து போகிறது, பின்னலாடையைப் போல. இழுத்தால் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் நீள்கிறது. ஆடை அரை மணி நேரத்தில் தளர்கிறது. விரல் கண்ணிப் பின்னலில் நூல்கள் ஏறக்குறைய கயிற்றின் நீளவாக்கிலேயே ஓடுகின்றன. நீள்வதற்கு இடமில்லை. நம்பாவிட்டால் ஒரே நூலில் இரண்டையும் ஒரு முழம் பின்னி, நுனியில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். பை இழுக்கவும் மேலங்கி ஓரத்தை அலங்கரிக்கவும் லூசெட் கயிறு தாராளமாக ஆகும்.

கேள்வி (முதல் நபர்): அப்படியென்றால் லூசெட் வைத்திருப்பவர்கள் எல்லாம் முட்டாள்களா?

நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அடுத்த கேள்வி.

கேள்வி: எத்தனை மீட்டர் வாங்குவது?

ஆடையைப் போட, கழற்ற, இரு ஓரங்களும் எவ்வளவு விலக வேண்டும் என்று அளந்துகொள்ளுங்கள். அதைத் துளை ஜோடிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டால் பெருக்குங்கள். 12 ஜோடி, 20 சென்டிமீட்டர் விலகல் என்றால் 4.8 மீட்டர். இடுப்பு வளையத்துக்கும் முடிச்சுக்கும் ஒரு மீட்டர் சேர்த்தால் ஏறக்குறைய 6. சுருள் கட்டானாலும் குறுக்குக் கட்டானாலும் கணக்கு பெரிதாக மாறாது. சுருள் கட்டில், ஒவ்வொரு முறையும் கயிற்றை முழுவதும் உருவிவிட்டுப் புதிதாகக் கோப்பதென்றால் மிகக் குறைவாகவே போதும்.

கேள்வி: பாராகார்ட் (பாராசூட் கயிறு) 250 கிலோ தாங்குமாமே?

தாங்கும். உங்கள் இடுப்பு 250 கிலோவுக்கு இழுக்கவில்லை. அது நைலான், இழுத்தால் நீளும், ஈரத்தில் இன்னும் நீளும். கட்டி முடித்த பத்து நிமிடத்தில் மறுபடி இறுக்க வேண்டி வரும். கயிற்றின் பலத்தையே பார்க்கிறீர்கள். நீட்சியைப் பாருங்கள், ஐலெட்டின் பின்புறத்தைப் பாருங்கள்.

கேள்வி: கார்செட் கட்டினால் இடுப்பு மெலியுமா?

மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: சாட்டின் கயிற்றை இரட்டையாகப் போட்டால்?

இல்லை.

கேள்வி: தோல் வார்?

நீளும், துளையில் ஒட்டி நிற்கும், நனைந்து காய்ந்தால் விறைக்கும். முன்பக்கம் அழகுக்குத் தொங்கவிடலாம்.

கேள்வி: பட்டுக் கயிறு வாங்கியிருக்கிறேன். முனை பிரிகிறது, துளையில் நுழையவும் மாட்டேன் என்கிறது.

பழங்காலத்தில் மெல்லிய செப்புக் கலவைத் தகட்டைச் சுருட்டி முனையில் பூணாக மாட்டினார்கள். ஐரோப்பிய அகழாய்வுகளில் ஏராளமாகக் கிடைப்பவை அவை. உங்களுக்கு மின்சாமான் கடையில், சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போதும். ஓர் அங்குலம் வெட்டி மாட்டி, முடி உலர்த்தியின் சூட்டைக் காட்டுங்கள். சுருங்காவிட்டால் அதைவிடச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் தேவைப்படும். வரலாற்றுத் தோற்றம் வேண்டுமென்றால் தேன்மெழுகு தடவிய நூலால் முனையை இறுகச் சுற்றித் தைத்துவிடுங்கள். லைட்டரில் கருக்காதீர்கள், அது பாலியெஸ்டருக்கும் நைலானுக்கும் உரிய வைத்தியம், பட்டு உருகாது, பொசுங்கும்.

இன்னொன்று: பட்டு நனைந்தால் பலம் குறையும், வெயிலிலும் நைந்துபோகும். காட்சி முடிந்ததும் கயிற்றை உருவி நிழலில் உலர்த்துங்கள். சுருள் கட்டு என்றால் அடுத்த முறை தலைகீழாகக் கோத்துவிடுங்கள். உரசும் இடங்கள் மாறும். அதே கயிறு இன்னும் பல காட்சிகளுக்கு வரும்.