கூரை இல்லாத மடத்துல என்னத்த பார்க்குறது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: என் பொண்ணு இங்கிலாந்துல லீட்ஸ்ல இருக்கா. மே மாசம் நாங்க ரெண்டு பேரும் அங்க போறோம். ஃபவுண்டன்ஸ் அபேன்னு ஒரு பழைய மடத்துக்கு கூட்டிட்டு போறேன்னு சொல்றா. போட்டோல பார்த்தா கூரையே இல்லாம வெறும் சுவரா நிக்குது. இதுக்கு ஒரு முழு நாள் வேணுமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேணும்மா, கண்டிப்பா வேணும். ஆனா எல்லாரும் பண்ற மாதிரி நேரா சர்ச்சுக்குள்ள போய் அந்த உயரமான கோபுரத்துக்கு முன்னாடி போட்டோ எடுத்துட்டு திரும்பிடாதீங்க. மொதல்ல மேற்குப் பக்கம் இருக்கிற செல்லாரியம்ங்கிற கிடங்குக் கட்டடத்துக்கு போங்க. கிட்டத்தட்ட 90 மீட்டர் நீளம், நடுவுல ஒரே வரிசையா தூண், ஒவ்வொரு தூண்லேருந்தும் கல் வளைவு கிளம்பி மேல போய் சேருது, அங்க அந்தக் கல் வளைவுக் கூரை அப்படியே இருக்கு, இப்ப வவ்வாலுங்க குடியிருக்கு. இன்னைக்கு ஒரே நீளமா தெரிஞ்சாலும் அந்தக் காலத்துல நடுவுல தடுப்பு இருந்துச்சு, ஒரு பக்கம் சாமான் வைக்கிற இடம், இன்னொரு பக்கம் லே பிரதர்ஸ் சாப்பிடுற இடம், மாடியில அவங்க தூங்குற இடம். யார் இவங்கன்னா, துறவிகள் நாள் பூரா ஜெபத்துல இருக்கணும்ல, அதனால வயலு, ஆடு, கட்டட வேலை எல்லாத்தையும் தலையில போட்டுக்கிட்டவங்க, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவங்க. இவங்க வளர்த்த ஆட்டு ரோமத்த இத்தாலி வியாபாரிங்க வரைக்கும் வந்து வாங்கிருக்காங்க, அந்தக் காசுதான் இவ்ளோ பெரிய கட்டடமா நிக்குது. என்னைக் கேட்டா அந்த மடத்துலயே மரியாதையோட நிக்க வேண்டிய இடம் இதுதான்.

இதோட ஆரம்பத்த நினைச்சா ஆச்சரியமா இருக்கும். 1132ல யார்க் நகரத்து மடத்துல கட்டுப்பாடு தளர்ந்து போச்சுன்னு 13 துறவிங்க வெளிய வந்துட்டாங்க, பேராயர் தர்ஸ்டன் இந்த ஸ்கெல் ஆத்துப் பள்ளத்தாக்குல இடம் குடுத்தாரு, அப்ப இது வெறும் காடு. அப்புறம் கட்டுப்பாடு கடுமையா இருக்கிற சிஸ்டர்சியன்ங்கிற கத்தோலிக்கத் துறவிகள் சபையில சேர்ந்தாங்க. சாயம் போடாத கம்பளி அங்கி, பேச்சு கம்மி, சாப்பிடும்போது ஒருத்தர் மேடையில நின்னு வாசிப்பாரு, மத்தவங்க கேட்டுக்கிட்டே சாப்பிடணும். அந்த மேடைக்கு ஏறுற படி சாப்பாட்டு ஹால் சுவர்ல இன்னும் இருக்கு, தேடிப் பாருங்க. குளிர் காயறதுக்குன்னு ஒரு தனி ரூம், அதுல இருக்கிற அடுப்பு சைஸைப் பார்த்தாலே யார்க்‌ஷயர் குளிர் எப்படிப்பட்டதுன்னு புரியும். கழிவறையெல்லாம் ஆத்து மேல, தண்ணி அடியில கல் சுரங்கம் வழியா ஓடும். 12ஆம் நூற்றாண்டுல இந்த யோசனை!

கேள்வி: இத யாரு இடிச்சா? சண்டையா, பூகம்பமா?
– இன்னொரு வாசகர், மதுரை

பதில்: ரெண்டும் இல்ல, ராஜாதான் காரணம். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி போப்போட உறவ முறிச்சுக்கிட்டு நாட்டுல இருந்த மடத்தையெல்லாம் மூடி சொத்த எடுத்துக்கிட்டாரு, ஃபவுண்டன்ஸ் 1539ல மூடுச்சு. இங்கிலாந்துல இருந்த சிஸ்டர்சியன் மடங்கள்லயே பணக்கார மடம் இது. கூரையில இருந்த ஈயத்துக்கு நல்ல வெல, அத உரிச்சு உருக்கிட்டாங்க, கூரை போனா மழை உள்ள வரும், மீதிய மழை பாத்துக்குச்சு. இடத்த ரிச்சர்ட் கிரெஷம்னு ஒரு லண்டன் வியாபாரி வாங்குனாரு. பக்கத்துலயே ஃபவுண்டன்ஸ் ஹால்னு அழகா ஒரு மாளிகை இருக்கு, அதுக்கு கல்லு மடத்துலேருந்து எடுத்ததுதான், அத பார்க்கும்போது எனக்கு கோபமா வரும். அந்த சுமார் 50 மீட்டர் கோபுரம் மார்மடியூக் ஹூபிங்கிற மடத்துத் தலைவர் கட்டுனது, அவரு 1526ல போயிட்டாரு, கட்டி கொஞ்ச வருஷத்துலயே மடமே இல்ல. ஆரம்ப கால சிஸ்டர்சியன்கள் கல் கோபுரமே கூடாதுன்னு இருந்தவங்க, அதையும் மனசுல வச்சுக்கிட்டு அண்ணாந்து பாருங்க.

கேள்வி: முட்டி வலி இருக்கு, கார் இல்ல. போக முடியுமா?
– திருச்சி வாசகியே மறுபடியும்

பதில்: முடியும். லீட்ஸ்லேருந்து ஹாரோகேட் வழியா மடத்துக்குப் பக்கத்து ஊரான ரிப்பனுக்கு 36ஆம் நம்பர் பஸ் போகுது, ரிப்பன்ல ரயில் ஸ்டேஷன் கிடையாது அதனால பஸ்தான், அங்கேருந்து டாக்ஸி பிடிச்சிக்கலாம். விசிட்டர் சென்டர் மேட்டுல இருக்கு, மடத்துக்கு இறங்கி போகணும், திரும்பும்போது ஏறணும், அதனால உள்ள போகும்போதே கவுண்டர்ல சரிவு கம்மியான வழி எதுன்னு கேட்டுக்கோங்க. முட்டி ஒத்துழைச்சா மடத்துக்கு கிழக்க இருக்கிற ஸ்டட்லி ராயல் தண்ணீர்த் தோட்டத்துக்கும் போங்க, 18ஆம் நூற்றாண்டுல அப்பாவும் மகனுமா அமைச்சது, 1986லேருந்து மடமும் தோட்டமும் சேர்ந்து உலகப் பாரம்பரிய இடம். ஒத்துழைக்கலேன்னா தோட்டத்த விட்டுட்டு மடத்துக்கிட்ட இருக்கிற பழைய மாவு மில்லைப் பாருங்க, 1927 வரைக்கும் ஓடிருக்கு. மே மாசமா இருந்தாலும் ஸ்வெட்டர், குடை, வழுக்காத ஷூ மூணும் எடுத்துக்கோங்க, மழை பெஞ்சா அந்தப் புல்லும் கல்லும் நல்லா வழுக்கும்.